நீலகிரியில் அறுபதுக்குப் பிறகு: படிக்கவும் பழகவும் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

குன்னூரிலோ கோத்தகிரியிலோ வீடு பார்த்துக்கொண்டு கோயம்புத்தூர், சென்னைப் பக்கமிருந்து குடிவருகிறவர்களுக்கு முதல் இரண்டு மூன்று மாதம் ஒரு குறையும் தெரியாது. குளிர், ரோஜாச் செடி, வந்து போகும் சொந்தபந்தம் என்று பொழுது ஓடிவிடும். பிறகு மழை பிடித்துக்கொள்ளும். வருகிறவர்கள் குறைவார்கள். வீட்டில் இருக்கிற இரண்டு பேரும் பேச வேண்டியதையெல்லாம் பேசி முடித்திருப்பார்கள்.

இது வெளியூர்க்காரர்களுக்கு மட்டும் வருவதில்லை. அரவங்காடு கார்டைட் ஃபேக்டரியிலோ, பள்ளிக்கூடத்திலோ, தேயிலைத் தோட்டத்திலோ முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற உள்ளூர்க்காரரும் ஒரு வகையில் புதியவர்தான். ஊர் தெரியும், ஆட்கள் தெரியும். காலை பத்து மணிக்கு என்ன செய்வது என்றுதான் தெரியாது. இந்த இரண்டு வகையினரையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன். கொடைக்கானலில் இருப்பவர்கள் ஊர்ப்பெயர்களை மட்டும் மாற்றிக்கொண்டால் பெரும்பகுதி பொருந்தும்.

முன்கூட்டியே ஒன்று. பெரிய நகரங்களில் இருப்பதுபோல் பெயர் கொடுத்ததும் கால அட்டவணையை நீட்டும் முதியோர் கல்வி நிலையம் எதையும் இங்கே எதிர்பார்த்து வராதீர்கள். இருப்பதெல்லாம் துண்டு துண்டாக இருக்கிறது: ஒரு நூலகம், ஒரு பயிற்சி மையம், ஒரு பாட்டுக் குழு, ஓய்வு பெற்ற ஒரு டீச்சர். அவற்றைக் கோத்துக்கொள்ளும் வேலை நம்முடையது.

முதலில் பஸ் நேரம், பிறகு பாடம்

மலையில் ஒரு வகுப்பு நின்றுபோனால் பாடம் சரியில்லாமல் நின்றிருக்காது. நேரம் சரியில்லாமல்தான் நின்றிருக்கும். உங்கள் பகுதிக்குப் பஸ் எத்தனை மணிக்கு வருகிறது, திரும்பும் வண்டி எத்தனை மணிக்கு என்று நாலைந்து நாள் கவனித்து எழுதிக்கொள்ளுங்கள். பல ஊர்களுக்குக் காலையில் ஒன்று, பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் ஒன்று, அவ்வளவுதான். அந்த இரண்டுக்கும் நடுவில்தான் எதையும் வைக்க முடியும். பதினொரு மணிக்கு ஆரம்பித்து ஒன்றரைக்குள் முடிப்பது என் அனுபவத்தில் எல்லோருக்கும் ஒத்துவருகிறது. பனி விலகி வெயில் ஏறியிருக்கும், முழங்காலும் கொஞ்சம் இளகியிருக்கும்.

மாலை வகுப்பு வேண்டாம். சமவெளியிலிருந்து வந்தவர்கள் ஆறு மணிக்குக் கூட்டம் போட்டுப் பழகியவர்கள், இங்கேயும் அதையே கேட்பார்கள். நாலரைக்கு மேல் மூடுபனி இறங்கினால் பத்தடி தூரம் தெரியாது. கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் தேயிலைக்காட்டுக்குள் கரடியும் காட்டெருமையும் சாதாரணம். கூடலூர், பந்தலூரில் யானை. எழுபது வயதுக்காரரை இருட்டில் தனியாக ஒற்றையடிப் பாதையில் அனுப்புகிற எந்த நிகழ்ச்சியும் நல்ல நிகழ்ச்சி இல்லை.

பெண்களுக்கு ஒரு வசதி: சாதாரண நகரப் பேருந்துகளில் கட்டணமில்லாப் பயணம் 2021-இல் மாநிலத்தில் தொடங்கியபோது மலைப்பகுதிக்கு இல்லாமல் இருந்தது, 2024-இல் இங்கேயும் வந்துவிட்டது. கூட்டத்துக்கு வர வீட்டில் காசு கேட்க வேண்டியதில்லை என்பது பல அம்மாக்களுக்குப் பெரிய விஷயம்.

அடுத்தது மாதம். நீலகிரி ஒரே மாவட்டம்தான், ஆனால் மழைக்காலம் இரண்டு. ஜூனிலிருந்து செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை கூடலூர், பந்தலூர், நடுவட்டம், அவலாஞ்சிப் பக்கத்தை நனைத்துத் தள்ளும். 2019 ஆகஸ்ட்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அந்த மாதங்களில் கிழக்குச் சரிவில் உள்ள கோத்தகிரியில் அவ்வளவு தொல்லை இருக்காது. அக்டோபர், நவம்பரில் கதை தலைகீழ். வடகிழக்குப் பருவமழையில் குன்னூர், கோத்தகிரி, கேத்திப் பக்கம் மண் சரியும். 2009 நவம்பரில் நடந்ததை இங்கே யாரும் மறக்கவில்லை. டிசம்பர், ஜனவரியில் ஊட்டிப் பள்ளத்தாக்குகளில் உறைபனி. ஏப்ரல், மே சீசன். சுற்றுலா வண்டிகளுக்கு நடுவில் உங்கள் டவுன் பஸ் ஒரு மணி நேரம் தாமதமாகும்.

ஆக, பத்து வாரத் தொடர் வகுப்பு என்றால் ஊட்டி, குன்னூரில் ஜனவரிக் கடைசியில் ஆரம்பித்து மார்ச் முடிவுக்குள் முடிப்பது நல்லது. கோத்தகிரியில் ஜூன், ஜூலையும் சரிவரும். கூடலூரில் பொங்கல் கழிந்து தொடங்குங்கள். நவம்பரில் தொடர் வகுப்பு வைக்கவே வேண்டாம். போனில் பேசிக்கொள்ளலாம்.

ஏற்கெனவே இருக்கும் இடங்களில் போய் உட்காருங்கள்

புதிதாக எதையும் தொடங்கும் முன் நூலகத்துக்குப் போங்கள். சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் 1948-லேயே வந்துவிட்டது, சுதந்திர இந்தியாவில் முதல். உங்கள் சொத்து வரியோடு நூலக வரியும் சேர்த்துத்தான் கட்டுகிறீர்கள், ஆகவே தயங்க வேண்டியதில்லை. ஊட்டியில் மாவட்ட மைய நூலகம் இருக்கிறது, மற்ற ஊர்களில் கிளை நூலகங்கள். அங்கே கேட்க வேண்டிய முதல் கேள்வி புத்தகம் பற்றியதல்ல. "வாசகர் வட்டம் நடக்குதுங்களா?" என்று கேளுங்கள். நடக்கிறது என்றால் உங்களுக்குப் பாதி வேலை முடிந்தது. பேருக்குத்தான் இருக்கிறது என்று நூலகர் சிரித்தால் இன்னும் நல்லது. ஆள் தேடிக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம், கூடம் உங்களுக்குக் கிடைக்கும். ஒரு எச்சரிக்கை: வார விடுமுறை ஞாயிறு என்று எண்ணிக்கொண்டு போகாதீர்கள், பெரும்பாலும் வெள்ளி.

ஊட்டியில் இருக்கும் நீலகிரி நூலகம் வேறு வகை. 1859-இல் தொடங்கியது, சிவப்புச் செங்கல் கட்டடம், வரைந்தவர் ராபர்ட் சிசோம். உறுப்பினராகிச் சந்தா கட்ட வேண்டும். பழைய ஆங்கில நூல்களிலும் மலை வரலாற்றிலும் நாட்டமுள்ளவர்களுக்கு அந்தச் சந்தா வீண்போகாது. தமிழ்ப் புத்தகம்தான் படிப்பேன் என்பவர்கள் மைய நூலகத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

கையால் எதையாவது செய்ய விரும்புகிறவர்களுக்கு வேளாண் அறிவியல் நிலையம். நீலகிரிக்கான நிலையம் குன்னூரில் உபாசியின் (தென்னிந்தியத் தோட்ட அதிபர்கள் சங்கம்) பொறுப்பில் நடக்கிறது. தேனீ, காளான், இயற்கை உரம், காய்கறி என்று குறுகிய பயிற்சிகள் அவ்வப்போது வரும். விவசாயிகளுக்கானவைதான். ஆனால் வீட்டைச் சுற்றிப் பத்து சென்ட் இருந்தாலும் நீங்கள் கேட்டுப்பார்க்கலாம். அறிவிப்பு உங்களைத் தேடி வராது. போய்ப் பெயரும் போன் எண்ணும் எழுதிக் கொடுத்துவிட்டு வர வேண்டும்.

வரலாற்றில் ஆர்வமிருந்தால் கோத்தகிரிக்குப் பக்கத்தில் கன்னேரிமுக்கு. 1819-இல் மலையேறி வந்த கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் அங்கே கட்டிய பங்களாவைப் பழுதுபார்த்து நினைவகமாக்கி வைத்திருக்கிறார்கள். முத்தோரை பாலாடாவில் பழங்குடியினர் ஆய்வு மையத்தின் அருங்காட்சியகம்.

இன்னொன்றைப் புதியவர்கள் கவனிப்பதில்லை. இங்கே ஏற்கெனவே பெரிய சமூக வாழ்க்கை ஓடிக்கொண்டிருக்கிறது. ஹட்டி எனப்படும் படுகர் ஊர்களில் பெரியவர்கள் தினமும் கூடிப் பேசுகிறார்கள், டிசம்பர்-ஜனவரியில் ஹெத்தையம்மன் திருவிழாவுக்கு எங்கெங்கோ இருப்பவர்களும் வந்து சேர்வார்கள். சர்ச் பாட்டுக் குழு, கோயில் பஜனை, முன்னாள் ராணுவத்தினர் சங்கம், பென்ஷனர் சங்கம் எல்லாம் உண்டு. "இந்த ஊர்ல ஒண்ணுமே இல்ல" என்று சொல்வதற்கு முன் பக்கத்து வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமை எங்கே போகிறார் என்று கேட்டுப் பாருங்கள்.

பட்டமும் எழுத்தும்

இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலும், 2002-இல் தொடங்கிய தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலும் வயது ஒரு தடையில்லை. ஆறு மாதச் சான்றிதழ்ப் படிப்பு ஒன்றில் தொடங்கிப் பாருங்கள். நேராக எம்.ஏ. போட்டுவிட்டுத் தேர்வு மையத்துக்கு மலையிறங்கி ஏற வேண்டி வரும்போது பாதியில் விட்டவர்கள் உண்டு. தேர்வே வேண்டாம், கேட்டால் போதும் என்றால் மத்திய அரசின் ஸ்வயம் தளம், 2017 முதல் இருக்கிறது. பாடம் இலவசம், தேர்வெழுதிச் சான்றிதழ் பெறத்தான் பணம். தமிழ் நூல்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம். மலையில் நெட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. வேண்டியதை வெயில் நாளில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

எழுத்தே தெரியாதவர்கள் நம் நடுவில் இருக்கிறார்கள் என்பதை ஓய்வு பெற்ற அதிகாரிகள் மறந்துவிடுகிறோம். வாழ்நாள் முழுக்கக் கொழுந்து பறித்த பாட்டி தன் பேங்க் புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கக் கேட்டால் அதுதான் இந்த மலையின் முதல் முதியோர் படிப்பு. 15 வயதுக்கு மேற்பட்ட, எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காகப் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் 2022-லிருந்து 2027 வரைக்கும் என்று நடக்கிறது. அரசுப் பள்ளிகளில் தன்னார்வலர்கள் சொல்லிக்கொடுக்கிறார்கள், கடைசியில் ஒரு சின்னத் தேர்வும் உண்டு. பக்கத்துப் பள்ளித் தலைமையாசிரியரைக் கேளுங்கள். ஓய்வு பெற்ற ஆசிரியர் என்றால் நீங்களே தன்னார்வலராகலாம்.

ஆறு பேர் போதும்

இதையெல்லாம் சுற்றிப் பார்த்த பிறகு சொந்தமாக ஒரு வட்டம் தொடங்கத் தோன்றும். உலகத்தில் இதற்கு இரண்டு வழிகள் இருந்திருக்கின்றன. 1973-இல் பிரான்சின் துலூஸ் நகரில் பியர் வெல்லாஸ் என்ற பேராசிரியர் மூன்றாம் வயதினருக்கான பல்கலைக்கழகம் என்று ஒன்றைத் தொடங்கினார். அங்கே பல்கலைக்கழகமே நடத்தும், பேராசிரியர்கள் பாடம் எடுப்பார்கள், முதியவர்கள் மாணவர்கள். எண்பதுகளின் தொடக்கத்தில் பிரிட்டனுக்குப் போனபோது அந்த யோசனை உருமாறியது. பல்கலைக்கழகமும் வேண்டாம், தேர்வும் வேண்டாம். உறுப்பினர்களே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுப்பது. இன்றைக்கு ஆசிரியர், நாளைக்கு மாணவர்.

நமக்கு இரண்டாவதுதான் சரி. வாராவாரம் பேராசிரியரை மலையேற்றிக் கூட்டிவர யாராலும் முடியாது. ஆனால் இங்கே ஓய்வு பெற்றிருக்கிறவர்களைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸில் எக்ஸ்ரே பிலிம் பூசியவர்கள், தையல் ஊசி செய்தவர்கள், ராணுவத்தில் எல்லை பார்த்தவர்கள், மலை ரயிலில் பல்சக்கரப் பாதையில் வண்டி ஓட்டியவர்கள், 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கை மலையகத்திலிருந்து குடும்பத்தோடு வந்து டான்டீ என்கிற அரசுத் தேயிலைத் தோட்டங்களில் வாழ்க்கையை மறுபடி தொடங்கியவர்கள். இவர்களில் ஆறு பேர் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்தால் ஒரு வருஷத்துக்கான பாடம் ரெடி.

கூட்டம் சேர்க்க நோட்டீஸ் ஒட்டாதீர்கள். நோட்டீஸ் பார்த்து வருகிறவர் ஒருமுறை வருவார். நேரில் போய்க் கூப்பிட்டு வந்தவர்தான் நிற்பார்.

"நான் என்னத்தச் சொல்லிக்குடுக்கறது"

சொல்லித்தர ஆள் பிடிப்பதுதான் இதில் சுவாரசியமான வேலை, கஷ்டமானதும். எங்கள் பகுதியில் தேயிலைத் தொழிற்சாலையில் டீ மேக்கராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் இருக்கிறார். ஒரு வகுப்பு எடுங்கள் என்று கேட்டதும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். "நான் என்னத்தச் சொல்லிக்குடுக்கறது சார்? வேல பாத்தேன், அவ்வளவுதான்." இந்தப் பதிலை எல்லோரும் சொல்வார்கள். அதற்குமேல் வற்புறுத்தக் கூடாது. கேள்வியை மாற்ற வேண்டும். "வகுப்பெல்லாம் வேண்டாங்க. நாங்க வீட்டுல கொஞ்சம் கொழுந்து பறிச்சு வெச்சுக்கறோம், அது சரியா வாடியிருக்கான்னு மட்டும் வந்து பாத்துச் சொல்லுங்க." வந்துவிட்டார்.

முந்தின நாள் காலையில் இரண்டு இலை ஒரு மொட்டாகப் பறித்து, செய்தித்தாளில் பரப்பி வைத்திருந்தோம். ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் அழுத்தினார். கையை விரித்ததும் இலை உருண்டையாகவே நின்றது. "பச்சை இலைன்னா விரிஞ்சு கொட்டும்." காம்பை மடக்கிக் காட்டினார்; ஒடியவில்லை, வளைந்தது. பிறகு எல்லோர் கையிலும் ஒரு பிடி கொடுத்து உருட்டச் சொன்னார். சாறு கசிந்து விரலெல்லாம் பிசுபிசுத்தது. உருட்டியதை ஈரத்துணி மூடி வைத்துவிட்டு, ஒரு கிலோ தூளுக்கு நாலு, நாலரைக் கிலோ பச்சை இலை எப்படிப் போகிறது, இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் சி.டி.சி. மிஷினுக்கும் பழைய முறைக்கும் என்ன வித்தியாசம், நைட் ஷிப்டில் புளிப்பு கொஞ்சம் தாண்டிவிட்டால் காலையில் யார் முகம் எப்படியிருக்கும் என்று பேச்சு ஓடியது. நடுவில் சட்டென்று நிறுத்தி, "மோந்து பாருங்க" என்றார். பச்சை வாடை போய் ஆப்பிள் வாசம். இலை செம்பு நிறத்துக்கு வந்திருந்தது. இரும்புச் சட்டியில் மெல்லிய தீயில் உலர்த்தி, அதையே போட்டுக் குடித்தோம். சுமாராகத்தான் இருந்தது என்று அவரே சொன்னார். அடுத்த வாரம் தானாகவே வந்தார்.

இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது: பேசச் சொல்லாமல் செய்யச் சொல்லுங்கள். பொருள் கையில் இருந்தால் யாருக்கும் மேடைப் பயம் வராது.

தோடர் பூவேலையைக் கற்றுக்கொள்ளப் பல பெண்கள் ஆசைப்படுவார்கள். வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பும் கறுப்பும் நூல். அச்சு இல்லை, வரைந்துகொள்வதில்லை, துணியின் இழையை எண்ணித்தான் போடுவார்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு எண்ணுவது நல்ல மூளைப் பயிற்சி, கண்ணுக்குச் சோதனையும்கூட. வெளிச்சமான ஜன்னலோரம் வேண்டும். இதற்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. கற்றுக்கொண்டதை உங்கள் தலையணை உறைக்கு வைத்துக்கொள்ளுங்கள், தோடர் வேலை என்று சொல்லி விற்காதீர்கள். சொல்லித்தர வரும் தோடர் பெண்ணுக்கு அவர் ஒரு நாளில் போடும் வேலைக்கு என்ன கிடைக்குமோ அதற்குக் குறையாமல் கூலி கொடுங்கள். உறுப்பினர்கள் ஒருவருக்கொருவர் இலவசமாகச் சொல்லித்தருவது சரி. பிழைப்பாக வைத்திருப்பவரிடம் இலவசமாகக் கேட்பது சரியில்லை. அவர் வந்து உட்கார்ந்ததும் போட்டோ எடுக்கப் பாய்கிறவர்களையும் கொஞ்சம் அடக்கி வையுங்கள்.

அறை

படி எத்தனை என்று எண்ணுங்கள். மலையில் எந்தக் கட்டடத்துக்கும் மேலேயிருந்து இறங்க வேண்டும் அல்லது கீழேயிருந்து ஏற வேண்டும். இருபது படிக்கு மேல் என்றால் அந்த இடம் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். கைப்பிடி உள்ள கழிப்பறை, வெஸ்டர்ன் டைப், தண்ணீர் வருகிறதா என்று நீங்களே திறந்து பார்த்துவிடுங்கள். முதுகு சாயும் நாற்காலி. தாள் கொடுப்பதாக இருந்தால் எழுத்து பெரிதாக. பத்துப் பேருக்கு மேல் போனால் ஒரு சின்ன மைக். காது மந்தமானவர் கேட்கவில்லை என்று சொல்ல மாட்டார், தலையாட்டிவிட்டு அடுத்த வாரம் வராமல் இருந்துவிடுவார்.

குளிருக்காக மூடிய அறையில் கரி அடுப்பு வைக்கும் பழக்கத்தை இங்கே அனுமதிக்கவே கூடாது. கரிப்புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை. தூக்கம் வருவது போலிருக்கும், அவ்வளவுதான் தெரியும். வெயில் விழும் அறையைத் தேர்ந்தெடுப்பதே நல்ல சூடு. கம்பளி, சால்வை, குல்லா போட்டுக்கொண்டு வகுப்பில் உட்கார யாரும் கூச்சப்பட வேண்டாம்.

டீக்கு எவர்சில்வர் டம்ளர் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கும் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கும் மாவட்டத்தில் தடை, பிடித்தால் அபராதம். கூட வர்க்கி. சர்க்கரை நோய்க்காரர்களுக்குச் சுண்டல்.

போன் வகுப்பு

எதைச் சொல்லித்தரலாம் என்று எல்லோரையும் கேட்டால் பாதிப் பேர் போன் என்பார்கள். பேரன் பேத்தி சொல்லித்தருவார்கள்தான், ஆனால் போனைப் பிடுங்கி நாலு தட்டுத் தட்டிவிட்டு "ஆச்சு தாத்தா" என்று கொடுத்துவிடுவார்கள். தாத்தாவுக்கு ஒன்றும் ஏறியிருக்காது. வகுப்பில் விதி ஒன்றுதான்: சொல்லித்தருகிறவர் மற்றவர் போனைத் தொடக்கூடாது.

அக்டோபரில் ஒரு நாளை வாழ்நாள் சான்றிதழுக்கு ஒதுக்குங்கள். மத்திய அரசுப் பென்ஷன்காரர்கள், கார்டைட் ஃபேக்டரிக்காரர்கள் உட்பட, நவம்பரில் அதைக் கொடுக்க வேண்டும். எண்பது தாண்டியவர்கள் அக்டோபர் முதலே கொடுக்கலாம். முகத்தைப் போனிலேயே காட்டி ஜீவன் பிரமாண் என்ற டிஜிட்டல் வாழ்நாள் சான்றிதழை முடித்துவிட முடியும். கைரேகை தேய்ந்துபோன தோட்டத் தொழிலாளிக்கும் கோலார் தங்கவயலில் இருந்து வந்த மெக்கானிக்குக்கும் இது பெரிய உதவி. மழையில் வரிசையில் நிற்க வேண்டியதில்லை. முகம் சரியாக விழ வெளிச்சம் வேண்டும், ஆகவே மூடுபனி நாளில் ஜன்னலுக்கு எதிரே உட்காருங்கள்.

அடுத்த வகுப்பு ஏமாற்று அழைப்புகளைப் பற்றி. "உங்கள் பெயரில் பார்சலில் போதைப் பொருள் வந்திருக்கிறது, வீடியோ காலைத் துண்டிக்காதீர்கள், நீங்கள் டிஜிட்டல் கைதில் இருக்கிறீர்கள்" என்று ஒருவர் போலீஸ் உடையில் மிரட்டுவார். அப்படி ஒரு கைது சட்டத்தில் கிடையாது. இதை வாயால் சொன்னால் மறந்துபோகும். நடித்துக் காட்டுங்கள், ஒருவர் போலீஸாக மிரட்ட, மற்றவர் போனை வைத்துவிட்டு அடுத்த வீட்டுக்காரரைக் கூப்பிட வேண்டும். ஓய்வு பெற்ற நாடக ஆசை எல்லோரிடமும் வெளியே வரும், சிரிப்பு அடங்க அரை மணியாகும். பணம் போய்விட்டால் 1930 எண்ணுக்கு எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ அவ்வளவுக்குத் திரும்பி வர வாய்ப்பு. அந்த எண்ணைப் போனில் சேமித்தால் போதாது, காகிதத்தில் எழுதிப் போன் உறைக்குள் வையுங்கள்.

சேர்ந்து வெளியே போவது

பாடத்தைவிடப் பழக்கம் உண்டாவது வெளியே போகும் நாட்களில்தான். குன்னூரிலிருந்து ஊட்டிக்கு மலை ரயிலில் போய் மதியச் சாப்பாட்டோடு பஸ்ஸில் திரும்புவது எளிது, ஏறி இறங்கும் நடை குறைவு. குன்னூர் வரை 1899-இலும் ஊட்டி வரை 1908-இலும் ஓடத் தொடங்கிய ரயில் இது, 2005-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. மூத்த குடிமக்களுக்கான ரயில் கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நின்றுபோனது, ஆகவே முழுக் கட்டணம் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். சீசனில் இடம் கிடைக்காது, பிப்ரவரியில் போங்கள்.

குன்னூர் சிம்ஸ் பூங்காவைவிட ஊட்டித் தாவரவியல் பூங்காவில் ஏற்றம் அதிகம். அங்கே கீழ்ப்புல்வெளியோடு நிறுத்திக்கொள்வது நல்லது. மலர்க் கண்காட்சி நாட்களில் முதியவர்களைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். பூவைவிட முதுகுதான் அதிகம் தெரியும்.

எனக்குப் பிடித்த இடம் முத்தோரை ரேடியோ தொலைநோக்கி. 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட அந்த வளைவை 1970-இல் கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் ஒரு மலைச்சரிவின்மேல் கட்டினார்கள். ஊட்டி ஏறக்குறைய 11 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது, அந்தச் சரிவின் சாய்வும் அதே அளவு. அதனால் தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகப் படுத்திருக்கிறது. ஒரே ஒரு அச்சில் சுழற்றினால் வானத்தில் ஒரு பொருளைப் பல மணி நேரம் பின்தொடர முடியும். ஆண்டுக்கணக்கில் அந்த வழியாகப் பஸ்ஸில் போனவர்கள் இதைக் கேட்டு வாய் பிளந்தார்கள். முன்கூட்டி அனுமதி கேட்டுப் போக வேண்டும். பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாளையொட்டிக் கேட்பது நல்லது. கொடைக்கானல்காரர்களுக்கு இதற்கு ஈடு 1899-இல் தொடங்கிய சூரிய ஆய்வகம், செண்பகனூர் அருங்காட்சியகம்.

அக்டோபர் 1 உலக முதியோர் நாள். அன்றைக்குச் சால்வை போர்த்தி மேடையில் உட்கார வைப்பதுதான் வழக்கம். அதைவிடக் கூட்டாகச் சமைத்துச் சாப்பிடுவது மேல்.

பணம், பதிவு

ஆரம்பத்தில் இரண்டும் வேண்டாம். டீச் செலவுக்கு ஒரு டப்பா, ஒரு நோட்டு. அரசு உதவியோ சொந்த பேங்க் கணக்கோ தேவைப்படும் காலம் வந்தால் 1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் ஏழு பேர் சேர்ந்து பதிவு செய்யலாம். பதிவு செய்த மறுநாளே தலைவர் யார் என்ற சண்டை வரும், அதற்கும் தயாராக இருங்கள்.

வராமல் போகிறவர்கள், வெளியிலிருந்து வருகிறவர்கள்

இரண்டு வாரம் தொடர்ந்து ஒருவர் வரவில்லையென்றால் யார் போன் செய்வது என்று முன்பே பிரித்துக்கொள்ளுங்கள். "ஏன் வரலை?" என்று கேட்காதீர்கள். "உங்க குடை இங்கயே இருக்குதுங்களே" என்பது போல ஏதாவது. உடம்புக்கு முடியவில்லை என்றால் போய்ப் பாருங்கள். வீட்டில் வேறு பிரச்சினை, சாப்பாடு மருந்து பார்க்க ஆளில்லை அல்லது பிள்ளைகள் சொத்தை எழுதி வாங்கிக்கொண்டு கைவிட்டுவிட்டார்கள் என்று தெரிந்தால் 14567 என்ற முதியோர் உதவி எண் இருக்கிறது. 2007-ஆம் ஆண்டுப் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின்படி கோட்டாட்சியரிடம் மனுவும் கொடுக்கலாம். அவர் சம்மதமில்லாமல் எதையும் செய்யாதீர்கள். வெளியே தெரிவதுதான் பலருக்குப் பெரிய பயம்.

கோயம்புத்தூரிலிருந்தோ மேட்டுப்பாளையத்திலிருந்தோ ஒருவரைப் பேச அழைத்தால், 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் தேவை என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். சொந்தக் காரில் வந்து சோதனைச் சாவடியில் நின்றபிறகு போனைத் தடவினால் உங்கள் பதினொரு மணி வகுப்பு பன்னிரண்டரைக்குத்தான் தொடங்கும். அரசு பஸ்ஸில் வந்தால் அந்தத் தொல்லை இல்லை. கூட்டி வர ஒருவரைப் பஸ் ஸ்டாண்டுக்கு அனுப்புங்கள், ஒரு ஸ்வெட்டர் கையோடு கொடுத்தனுப்புங்கள். கீழிருந்து வருகிறவர்கள் யாரும் அதைக் கொண்டுவருவதில்லை.